தெருவில் சேர்ந்து செய்யும் கலை: பினாங்கில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனில் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு தெருக்கோலம், துணி அச்சு, சுவர்ப்படம், பழைய கதைகளைக் கேட்டு எழுதி வைப்பது என்று நாங்கள் சிலர் செய்துவருகிறோம். எங்கே போனாலும் ஏறத்தாழ அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. லெபோ பசாரில் பூக்கடை அக்கா கேட்டதையே பட்டர்வொர்த் ஆசிரியர் ஒருவரும் கேட்கிறார், கோலாலம்பூரிலிருந்து கூப்பிடுகிறவரும் கேட்கிறார். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கட்டும்.

இது என்னது, சுவர்ல படம் வரையறதா?

சுவர்ப்படமும் உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை. திறந்த வெளியில், நாலு பேர் வந்துபோகும் இடத்தில், அங்கே வாழ்கிறவர்களும் வேலை செய்கிறவர்களும் கைபோட்டுச் செய்கிற எதுவும் இதில் சேரும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 2011-ல் கேண்டி சாங் என்ற கலைஞர், ஆளில்லாத ஒரு வீட்டின் வெளிப்பக்கத்தைக் கரும்பலகை ஆக்கி, சாவதற்குள் நான் செய்ய விரும்புவது என்று ஒரு வரியைத் தொடங்கிவைத்துவிட்டு, மீதியை எழுத எல்லாருக்கும் சுண்ணக்கட்டி வைத்தார். அதைப் பார்த்து உலகத்தில் எத்தனையோ ஊர்களில் அதே மாதிரி சுவர்கள் வந்துவிட்டன. நம் பக்கத்தில், மலேசியக் கலைஞர் ஷாரன் சின் 2013-ல் சிங்கப்பூர் பினாலே என்ற கலைவிழாவில் நூறு பேரைத் திறந்த வெளியில் பூ நீரில் குளிக்க வைத்தார். அங்கே பெயின்ட்டும் இல்லை, சுவரும் இல்லை.

எங்கள் வேலையில் எப்போதும் ஒரே கேள்விதான் நடுவில் இருக்கும்: இந்த ஊர் யாருடையது, நாம் இதில் எங்கே இருக்கிறோம்? அதை மேடை போட்டுப் பேசினால் கூட்டம் அரைமணி நேரத்தில் கலைந்துவிடும். கையில் அரிசியோ தூரிகையோ கொடுத்துப் பாருங்கள், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள்.

எனக்கு ஒரு கோடுகூட நேரா வராது. நான் வந்து என்ன செய்யறது?

அதிகம் வரும் கேள்வி இதுதான், கேட்கிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கோடு போடத் தெரிந்தவர் ரெண்டு பேர் போதும். சாயம் கலக்க, அரிசி காயவைக்க, வெயில் ஏறுவதற்குள் புள்ளி வைக்க, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, வழியில் நிற்கும் மோட்டார் சைக்கிளை நகர்த்தச் சொல்லி நயமாகப் பேச ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கடைக்கு முன்னால் இங்கே என்ன கடை இருந்தது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேசினாலே அன்றைய வேலையில் பாதி முடிந்த மாதிரி.

சபாவில் ரானாவ் பக்கத்தைச் சேர்ந்த பங்ரோக் சுலாப் குழுவினரைப் பாருங்கள். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, மேலே துணியை விரித்து, பாட்டுப் போட்டு வந்தவர்களை எல்லாம் அதன்மேல் ஆட விடுகிறார்கள். ஆடுகிறவர்களின் எடையில்தான் படம் துணியில் இறங்குகிறது. வரையத் தெரியாதவர் ஆடலாம், ஆடத் தெரியாதவர் சும்மா மிதிக்கலாம்.

ஆர்மேனியன் ஸ்திரீட் சைக்கிள்கிட்ட நின்னு எல்லாரும் போட்டோ எடுக்கறாங்களே, அதுவும் இதுதானே?

கொஞ்சம் இது, பெரும்பாலும் வேறு. லிதுவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சகரேவிச் 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தது அது. சுவரில் இரண்டு பிள்ளைகள், அவர்கள் கீழே நிஜ சைக்கிள். பார்க்கிறவர் பக்கத்தில் போய் நின்றால்தான் படம் முழுசாகிறது, அந்த யோசனை நல்ல யோசனை, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தக் காலகட்டத்திலேயே மாநில அரசின் முயற்சியில் தெருவுக்குத் தெரு 52 இரும்புக்கம்பிச் சித்திரங்கள் வந்தன, அந்தந்தத் தெருவின் கதையைக் கொஞ்சம் வேடிக்கையாகச் சொல்கிறவை.

ஆனால் என்ன வரைவது, எங்கே வரைவது, யாரை வரைவது என்பதில் போட்டோ எடுக்கிறவருக்குப் பங்கில்லை. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாகப் பிரித்துக் காட்டினார். கீழ்ப்படிகளில் மக்களை வெறுமனே சேர்த்துக்காட்டுகிறார்கள். நடுப்படிகளில் தகவல் சொல்கிறார்கள், கருத்துக் கேட்கிறார்கள், ஆனால் முடிவு வேறு யாரோ எடுப்பது. மேலே போகப்போகத்தான் முடிவெடுக்கும் உரிமை மக்கள் கைக்கு வருகிறது. அவர் எழுதியது நகரத் திட்டங்களைப் பற்றி, ஆனால் எங்கள் வேலைக்கு அப்படியே பொருந்தும். ஒரு நிகழ்ச்சிக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது, நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைத்தான்.

கோலத்தைப் போய் கலைன்னு சொல்றீங்க, எங்க பாட்டி தினம் வாசல்ல போட்டதுதானே?

உங்கள் பாட்டி தினமும் கலை செய்தார். காலையில் போட்டு, மாலைக்குள் மிதிபட்டுக் கலைந்து, மறுநாள் வேறொன்று போட்டார். அதுவும் வாசலில், தெருவில் போகிறவர் எல்லாரும் பார்க்கிற இடத்தில். திறந்தவெளிக் கலைக்கு நமக்கு வெளியிலிருந்து யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மலேசியாவில் கோலம் கொஞ்சம் வேறு வடிவம் எடுத்துவிட்டது. இங்கே பலர் அடுக்குமாடியில் இருக்கிறோம், வாசல் என்றால் பொது நடைவழிதான், தினம் போட முடியாது. அதற்குப் பதிலாகத் தீபாவளி வந்தால் வண்ண அரிசிக் கோலம், பள்ளியில், அலுவலகத்தில், பேரங்காடியில். பேரங்காடிக் கோலத்தைக் குறை சொல்லமாட்டேன், அதைப் போட இரவெல்லாம் முதுகு வளைகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுகிறார்கள், தொடாதே என்று பலகை வைக்கிறார்கள். நாங்கள் செய்வதில் கயிறு கிடையாது. வழியில் போகிறவர் குனிந்து ஒரு பிடி அரிசி எடுத்து ஒரு இதழை நிரப்பிவிட்டுப் போகலாம், கோடு கொஞ்சம் வெளியே போனாலும் பரவாயில்லை.

வண்ண அரிசியா, உப்பா, சுண்ணக்கட்டியா? எது சரிப்படும்?

இடத்தைப் பொறுத்தது. அரிசி எடை உள்ளது, லேசான காற்றுக்குப் பறக்காது, சாயம் நன்றாகப் பிடிக்கும். முந்தின நாளே கலந்து நிழலில் பரப்பிக் காயவைத்துவிடுங்கள், ஈரம் இருந்தால் கையிலும் தரையிலும் சாயம் ஒட்டும். கல்லுப்பு மலிவு, எறும்பு வராது, ஆனால் பழைய கடைவீடுகளின் சுவரோரம் உப்புக் கோலம் போடவே கூடாது. மழைநீரில் கரைந்து செங்கல்லுக்குள் ஏறி, காயும்போது உள்ளேயே படிகமாகிப் பூச்சை உதிர்த்துவிடும். செடி பக்கத்திலும் வேண்டாம்.

சுண்ணக்கட்டி பிள்ளைகளுக்கு. தார்ச்சாலையில் நன்றாக எழுதும், கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையின் வழவழப்பான ஓட்டில் சரியாக எழுதாது. அப்புறம், அந்த ஓட்டில் அரிசி சிந்தினால் வழுக்கும். வயதானவர்கள் நடக்கும் வழியை விட்டுவிட்டுப் போடுங்கள்.

அரிசியைத் தரையில கொட்டறது பாவம் இல்லையா?

இதை யாரும் சும்மா கேட்பதில்லை. பசி பார்த்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது, அவர்கள் மனம் கஷ்டப்படும்படி செய்யக்கூடாது. அரிசிமாவுக் கோலத்தை எறும்பும் குருவியும் தின்னும், சாயம் கலந்த அரிசியை எதற்கும் கொடுக்க முடியாது, இது உண்மையான வித்தியாசம். அதனால் நாங்கள் கடையில் விலைபோகாத நொய்யரிசியைக் கேட்டு வாங்குகிறோம், கோலம் முடிந்ததும் கூட்டி அள்ளிச் சலித்து அடுத்த முறைக்கு வைக்கிறோம். பெரியவர்கள் இருக்கும் தெருவில் வெள்ளை மாக்கோலம் மட்டும் போடுவதும் உண்டு. அழகில் அது ஒன்றும் குறைந்ததில்லை.

மழை வந்தா எல்லாம் போச்சே!

ஆமாம், போகும். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம், தீபாவளி அதற்குள்தான் வருகிறது. ஜனவரி, பிப்ரவரி காய்ந்திருக்கும், பொங்கல் சமயம் போட்டால் நிம்மதி. தீபாவளிக்குத்தான் வேண்டும் என்றால் காலையில் தொடங்கிப் பிற்பகலுக்குள் முடித்துவிடுங்கள், மழை பெரும்பாலும் அதற்கப்புறம்தான் வரும்.

என் சொந்தக் கடைச் சுவர்தானே, நான் யாரைக் கேட்கணும்?

ஜார்ஜ்டவுன் பழைய நகருக்குள் என்றால் கேட்டே ஆக வேண்டும். 2008 ஜூலை 7-ல் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன, அந்த நாளுக்குத்தான் பினாங்கில் இன்றும் பொதுவிடுமுறை. மையப் பகுதி 109.38 ஹெக்டேர், அதைச் சுற்றியுள்ள காப்புப் பகுதி 150.04 ஹெக்டேர். லிட்டில் இந்தியா மையப் பகுதியில் இருக்கிறது. இந்த எல்லைக்குள் சுவரில் எதையாவது வரைவதற்கு முன் பினாங்கு மாநகர் மன்றத்தின் ஒப்புதல் வாங்குங்கள். சாலையை மூட வேண்டும் என்றால் காவல் துறையிடமும் போக வேண்டும்.

இதில் எரிச்சல்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய கடைவீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். அதன்மேல் நவீன பிளாஸ்டிக் வகைச் சாயத்தை அடித்தால் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே தங்கிப் பூச்சு கொப்பளித்து விழும், படமும் சேர்ந்துதான் விழும். எனவே நாங்கள் பெரும்பாலும் சுவரைத் தொடுவதே இல்லை. துணியில் வரைந்து தொங்கவிடுகிறோம், பலகையில் வரைந்து சாய்த்து வைக்கிறோம். கழற்றி அடுத்த தெருவுக்கும் கொண்டுபோகலாம், அனுமதி வாங்குவதும் சுலபம்.

இந்தியர்னு சொன்னாலே மயில், தாமரை, பரதநாட்டியம்தானா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பையனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மயில் அழகுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் யாராவது நம்மைப் பற்றிச் சுவரில் ஒரு படம் போடச் சொன்னால் உடனே கை மயிலுக்குப் போகிறது, அதோடு பேச்சும் முடிந்துவிடுகிறது. இந்தத் தெருக்களில் நடந்தது எவ்வளவோ இருக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் தொடக்கம் 1801. லெபோ குயீன் மகா மாரியம்மன் கோவில் 1833. இரண்டுக்கும் நடுவே நடந்தால் சில நிமிடம். அந்தச் சில நிமிட வழியில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள், வட்டிக்கடைச் செட்டியார்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், நகராட்சியில் சாலை போட்டவர்கள், சாக்கடை அள்ளியவர்கள், சலவைத் தொழிலாளிகள் எல்லாரும் இருந்தார்கள். அதற்கும் முன்பே இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்தார்கள். 1818-ல் கட்டி முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் அந்தக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

தண்ணீருக்கு அக்கரையில் செபராங் பிறை. அங்கே முதலில் கரும்புத் தோட்டங்கள், பிறகு ரப்பர். அங்கிருந்து வந்து பிறை தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களின் கதையை யாரும் படமாக்கி நான் பார்த்ததில்லை. நாங்கள் நடத்தும் பட்டறையில் முதல் அரைமணி நேரம் தூரிகையைத் தொட விடுவதில்லை. உங்கள் வீட்டில் ரொம்ப நாளாக இருக்கும் ஒரு பொருளைச் சொல்லுங்கள் என்று கேட்கிறோம். பால்மரம் சீவும் கத்தி வருகிறது, எவர்சில்வர் தூக்குவாளி வருகிறது, குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து முடித்த பாட்டியின் போட்டோ வருகிறது. அதிலிருந்து வரைந்தால் மயில் வரைய நேரமே இருக்காது.

பினாங்கில் இந்த முறைக்கு முன்னோடி ஜேனட் பிள்ளை. அவர் தொடங்கிய ஆர்ட்ஸ்-எட் அமைப்பு, ஜார்ஜ்டவுன் பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பி, பழைய கைத்தொழில்காரர்களையும் கடைக்காரர்களையும் பேட்டி எடுக்கச் சொல்லி, அதிலிருந்து நாடகமும் கலையும் வரைபடமும் செய்ய வைத்தது. கேட்ட பிறகு செய்வது என்ற பழக்கத்தை நாங்கள் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டோம்.

நாங்க முஸ்லிம். கோலத்துல உட்கார்ந்தா சாமி விஷயம் ஆயிடும்னு வீட்ல சொல்றாங்க.

வீட்டில் சொல்வதை மதியுங்கள், யாரையும் வற்புறுத்தி உட்கார வைக்கக் கூடாது. எங்கள் பக்கம் நாங்கள் செய்யக்கூடியது, விளக்கு, ஓம், தெய்வ உருவம் இல்லாத வடிவங்களையும் வைத்திருப்பது. பூவேலையும் புள்ளிக்கணக்கும் யாருக்கும் பொதுவானவை, பள்ளிவாசல் சன்னல்களிலும் அதே போன்ற பின்னல் வேலையைப் பார்க்கலாம். கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்தும் இதே தயக்கம் வருகிறது, அவர்களுக்கும் இதே பதில்தான். கோலமே வேண்டாம் என்றால் துணி அச்சு இருக்கிறது, கதை சொல்வது இருக்கிறது. இங்கே சூலியா தெருவில் இருக்கும் நாகூர் தர்காவைப் பற்றிச் சொல்ல உங்கள் வீட்டுப் பெரியவரைக் கூட்டி வாருங்கள். அவர் பேச்சு இல்லாமல் அந்தத் தெருவைப் பற்றி எதைச் செய்தாலும் அது அரைகுறைதான்.

சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் கோலம் போடலாமா? நம்மளோடது போயிடாதா?

தாராளமாகப் போடலாம். தைப்பூசத்துக்கு ரதம் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் மலைபோலத் தேங்காய் குவித்து உடைப்பவர்களில் சீனர்கள் எத்தனை பேர் என்று பார்த்திருப்பீர்கள். அதனால் தைப்பூசம் நம்மைவிட்டுப் போய்விட்டதா? கற்றுக்கொடுக்கும் இடத்தில் நம் ஆள் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நான் பிடிவாதமாக நிற்பது. நாலு வீடு தள்ளிக் கோலம் போடத் தெரிந்த ஆண்ட்டி இருக்கும்போது, ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து வந்த பயிற்றுநரை அழைத்துக் கற்றுக்கொடுக்கச் சொல்வது எனக்குச் சம்மதம் இல்லை.

நான் தமிழ்நாட்டுல இருந்து பெர்மிட்ல வந்து கடையில வேலை செய்யறேன். எனக்கும் இதுல இடம் இருக்கா?

இருக்கிறது, அண்ணே. லிட்டில் இந்தியாவில் பரோட்டா வீசுகிறவர், பூ கட்டுகிறவர், முடி வெட்டுகிறவர் என்று பாதித் தெருவை இன்று உங்களைப் போன்றவர்கள்தான் நடத்துகிறார்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் வந்தவரை வரலாறு என்று வரைந்துவிட்டு, போன வருடம் வந்தவரை விட்டுவிட்டால் அந்தப் படம் பொய். எங்கள் கூட்டத்திலேயே இதற்கு எதிர்ப்புச் சொன்னவர்கள் உண்டு, இங்கேயே பிறந்தவர்களுக்கே இடம் சரியாகக் கிடைக்காதபோது அவர்களுக்கு எதற்கு என்று. அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது, ஆனால் ஒரு துணியில் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

நடைமுறையில் மூன்று விஷயத்தில் கவனமாக இருக்கிறோம். முகம் தெரியும் படமும் முழுப்பெயரும் வேண்டாம் என்றால் போடுவதில்லை. நேரத்தை முதலாளியின் வேலைநேரத்துக்கு வெளியே, அதாவது இரவு கடை மூடிய பிறகோ ஓய்வுநாளிலோ வைக்கிறோம். பெர்மிட்டுக்கு இடைஞ்சல் வரும்படி எதையும் செய்யச் சொல்வதில்லை.

எங்க தாத்தா செஞ்ச வேலையைச் சுவர்ல போட வேண்டாம்னு அப்பா சொல்றாரு. பேரப்பிள்ளைகள் போடணும்கறாங்க. என்ன செய்யறது?

இது போன்ற நிலைமை நீங்கள் நினைப்பதைவிட அதிகம் வரும். நகராட்சியில் மலம் அள்ளியவர்கள், பிணம் எரித்தவர்கள், துணி வெளுத்தவர்கள், இவர்கள் இல்லாமல் இந்த ஊர் ஒரு வாரம் ஓடியிருக்காது. பேரனுக்கு அது பெருமை. அப்பாவுக்கு அது பள்ளிக்கூடத்தில் பட்ட கேலி, பெண் பார்க்கப் போன இடத்தில் பட்ட அவமானம். சாதி பேசாதீர்கள் என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டு அந்த வலியை நாம் தாண்டிப்போக முடியாது.

நாங்கள் வைத்திருக்கும் வழி, உயிரோடு இருப்பவர்களில் யாருக்கு அது அதிகம் வலிக்குமோ அவருடைய சொல் முதலில். அப்பா வேண்டாம் என்றால் இப்போது வேண்டாம். ஆனால் கதையைப் பதிவு செய்து அந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிடுங்கள். சில சமயம் அப்பாவே கொஞ்ச நாள் கழித்து வேறு மாதிரி சொல்வார்: ஆளை வரையாதே, அவர் தள்ளிய வண்டியை வரை என்பார், பெயர் போடாமல் தெருவின் பெயரை மட்டும் போடு என்பார். அவரே தேடிக் கண்டுபிடித்த அந்த வழி, நாம் சொல்லிக்கொடுக்கும் எதைவிடவும் நன்றாக இருக்கும். மாறவே மாட்டார் என்றால் அதுவும் சரிதான். எல்லாக் கதையும் தெருவுக்கு வந்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை.

பழைய குடும்ப போட்டோவைப் பெருசா அடிச்சு ஒட்டலாமா?

ஒட்டலாம். பிரெஞ்சுக் கலைஞர் ஜேஆர் 2011-ல் தொடங்கிய திட்டத்தில் சாதாரண மக்களின் முகங்களைப் பெரிய தாளில் அச்சடித்து அவர்கள் ஊர்ச் சுவர்களிலேயே ஒட்டினார்கள். முகத்துக்குரியவரிடம், அவர் இல்லையென்றால் குடும்பத்தில் ஒருவர் விடாமல், கேட்டுவிட்டு ஒட்டுங்கள். மேலே அப்பா, தாத்தா கேள்விக்குச் சொன்னதே இதற்கும். பழைய சுவரில் பசை வேண்டாம், பலகையில் ஒட்டிச் சாய்த்து வையுங்கள்.

முடிவு யார் எடுக்கறது? ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா?

சொல்வார்கள். சொல்லட்டும். ஏணியைப் பற்றி மேலே எழுதியது இந்த இடத்துக்காகத்தான். கூட்டத்துக்கு வரும்போதே ஓவியர் வரைந்த மாதிரிப் படத்தைக் கையில் கொண்டுவந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், நம் ஆட்களுக்கு மரியாதை அதிகம், நல்லா இருக்கு ஐயா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெறுங்கையோடு போங்கள். இரண்டாவது கூட்டத்தில் மூன்று நான்கு வழிகளைக் காட்டுங்கள். பேசாதவர்களுக்காகப் புளியங்கொட்டை கொடுத்து விருப்பமான படத்தின் முன் போடச் சொல்லலாம், பெரிய மனிதர் பேச்சுக்குப் பயந்து பின்னால் நிற்கும் மருமகள் அப்போதுதான் தன் கருத்தைப் போடுவார். கோவில் கமிட்டித் தலைவர், கட்சி ஆள், ஸ்பான்சர் கொடுத்த கடைக்காரர், யாராக இருந்தாலும் ஒரு கொட்டைதான்.

காசு யார் கொடுக்கறது? ஆண்ட்டிகளுக்கு ஏதாவது உண்டா?

உண்டு, இருக்க வேண்டும். ஓவியருக்கு மட்டும் சம்பளம், மூன்று நாள் குனிந்து கோலம் போட்ட பெண்களுக்கு ஒரு பொட்டலம் மீ கோரெங், இதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஜூடி பாகா 1970களில் தொடங்கி, வெள்ளக்கால்வாய்ச் சுவரில் ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்குக் கலிபோர்னியாவின் விடுபட்ட வரலாற்றை வரைந்தபோது, நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வேலை செய்தார்கள். அவர்களைக் கூலி கொடுத்தே வேலைக்குச் சேர்த்தார். தொண்டு என்று வருகிறவர் தொண்டாகச் செய்யட்டும், திறமைக்காக நாம் அழைத்தவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். பட்ஜெட்டில் அந்த வரியை முதலிலேயே எழுதுங்கள், கடைசியில் எழுதினால் அது சாயத்துக்குப் போய்விடும்.

நாங்க சேர்ந்து வரைஞ்சதை எவனாவது டி-சட்டையில அடிச்சு வித்தா?

சைக்கிள் படத்துக்கு நடந்தது நமக்கும் நடக்கலாம், அந்தப் படம் சாவிக்கொத்திலும் சட்டையிலும் காந்த வில்லையிலும் தெருவெங்கும் விற்கிறது. சுவரின் சொந்தக்காரருக்குச் சுவர்தான் சொந்தம், யாரும் காசு கொடுத்து வரையச் சொன்ன வேலை இல்லை என்றால் படத்தின் உரிமை வரைந்தவருடையது. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமை வரைந்தவர் இறந்த பிறகும் 50 ஆண்டு இருக்கும். பலர் சேர்ந்து வரைந்தால் உரிமையும் பலருக்கு. தொடங்கும் முன் ஒரு பக்கத் தாளில், படத்தை வைத்து யாராவது பணம் சம்பாதிக்க விரும்பினால் யாரைக் கேட்க வேண்டும், வரும் பணம் எதற்குப் போகும் என்று தமிழிலும் மலாயிலும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

மன்றமே வந்து அழிச்சிட்டா?

நடந்திருக்கிறது. 2013-ல் அதே சகரேவிச் ஜொகூர் பாருவில் லெகோ பொம்மை வடிவில், மூலைக்கு அந்தப்பக்கம் கத்தியோடு காத்திருக்கும் திருடனை வரைந்தார். ஊரின் பெயர் கெடுகிறது என்று மன்றம் வெள்ளையடித்துவிட்டது, ஆனால் அதற்குள் படம் எல்லார் போனிலும் இருந்தது. மேலே சொன்ன பங்ரோக் சுலாப் குழுவின் படைப்பு ஒன்றும் 2017-ல் கோலாலம்பூர்க் கண்காட்சி ஒன்றிலிருந்து புகார் காரணமாக அகற்றப்பட்டது. அனுமதிக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும் படம் எடுத்து வையுங்கள். தெருவில் இருக்கும் கடைக்காரர்களே முடிவெடுத்து வந்த படம் என்றால், அழிக்க வருகிறவரிடம் முதலில் பேசப்போவது அவர்கள்தான்.

இதெல்லாம் செஞ்சு கடைசியில வாடகைதான் ஏறுது, நம்ம ஆளுங்க போயிட்டாங்க. எதுக்கு இது?

இந்தக் கேள்வியை நான் சுலபமாகத் தாண்டிப்போக விரும்பவில்லை. பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்குக் குடும்பங்கள் இருந்ததற்குக் காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது 1999 முடிவோடு போய்விட்டது. வாடகை ஏறியது, ஏராளமான குடும்பங்கள் வெளியே போயின. அப்புறம் 2008-ல் யுனெஸ்கோ, 2012-ல் சுவர்ப்படங்கள், சுற்றுலாக்காரர்கள், காபிக் கடைகள், சிறு விடுதிகள். வெளியேற்றத்தைத் தொடங்கியது ஓவியங்கள் இல்லை, ஆனால் அதன்பின் வந்த விலையேற்றத்துக்கு அவை துணைபோகவில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

அதனால் நாங்கள் சில வேலைகளை ஒப்புக்கொள்வதில்லை. குடியிருப்பவரைக் காலி செய்துவிட்டு, அவர் வாழ்ந்ததன் நினைவாகப் படம் போடக் கேட்கும் கட்டட உரிமையாளருக்குச் செய்துதர மாட்டோம். சுற்றுலா வரைபடத்தில் போட நிரந்தரப் படம் கேட்டால், தெருவில் உள்ளவர்களைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்போம். ஒரு நாள் கோலம், ஒரு வாரத் துணி, இவை சுற்றுலா வரைபடத்தில் ஏறாது. வெளியே போய்விட்டவர்களையும் அழைக்கிறோம், ஆயர் ஈத்தாமில் இருந்தும் பாயான் பாருவில் இருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். இந்த மாடியில்தான் பிறந்தேன் என்று ஒரு பாட்டி காட்டும்போது, இப்போது அங்கே விடுதி நடத்தும் இளைஞர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். இதனால் வாடகை இறங்காது. ஆனால் இந்தத் தெருவில் யார் யார் வாழ்ந்தார்கள் என்பது, இப்போது இங்கே இருப்பவர்களின் காதில் விழுகிறது.

நாங்க கோலாலம்பூர்ல அடுக்குமாடியில இருக்கோம். பழைய தெருவே இல்லாதவங்க என்ன செய்யறது?

பழைய தெரு இருந்தால் அது வசதி, அவ்வளவுதான். பிரிக்பீல்ட்ஸில் அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய நூறு குவார்ட்டர்ஸ் வீடுகளே இப்போது இல்லை. உங்கள் அடுக்குமாடியில் தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்தவர்கள், செந்தூல் ரயில்வேப் பட்டறைக் குடும்பங்கள், பக்கத்துக் கதவில் இந்தோனேசியர், மேல்மாடியில் சீன முதியவர் என்று எல்லாரும் இருப்பார்கள். கீழே வாகன நிறுத்துமிடம் இருக்கும். நிர்வாகக் குழுவிடமும் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பிடமும் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு கார் நிற்கும் இடத்தை மட்டும் கேளுங்கள்.

ஒரு பழைய படுக்கை விரிப்பை விரித்து, வருகிறவர்களிடம் இதற்கு முன் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டு அந்த இடத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள், தெரிந்தவர்கள் அங்கிருந்த மரத்தையோ கோவிலையோ லயத்து வீட்டையோ வரையட்டும். தோட்டத்தின் பெயரைச் சிலர் எண் போட்டுச் சொல்வார்கள், அப்படியே எழுதட்டும். தேநீர் வையுங்கள், நிழலில் நாற்காலி போடுங்கள், பிள்ளைகளுக்குச் சுண்ணக்கட்டி கொடுங்கள். துணி நிரம்பியதும் மாடிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுங்கள், எந்த மாடியில் கட்டுவது என்று நீங்கள் சொல்லாதீர்கள், எழுதியவர்களைக் கேளுங்கள்.